எதிர்வீட்டுப் பெரியவர் உண்மையில் எந்தக் கட்சி? கென்டக்கி பக்கம் இருந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: கவுந்தப்பாடி டீச்சர்

வணக்கம். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக வீட்டுக்கு வந்த கணக்கீட்டுப் படிவத்தை நேற்றுத்தான் நிரப்பிக் கொடுத்தேன். பிறந்த தேதி, அப்பா பெயர், பழைய பட்டியலில் எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று தோண்டித் துருவிக் கேட்டிருந்தார்கள். ‘நீங்கள் எந்தக் கட்சி?’ என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்கள் வீதியில் படிவத்தைச் சுருட்டி அந்த அலுவலர் கையிலேயே திணித்திருப்பார்கள். அப்போதுதான் ஒரு வருடமாக மனதில் கிடக்கும் சந்தேகம் மேலே வந்தது.

நான் அரசுப் பள்ளியில் 31 வருடம் வேலை பார்த்தவள். தேர்தல் வேலைக்கு ஒன்பது முறை போயிருக்கிறேன். அட்டை மறைப்புக்குப் பின்னால் மனைவி நிற்கும்போது எட்டிப் பார்த்த கணவனை வெளியே போகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள். யாருக்கு ஓட்டு என்பது கட்டிய புருஷனுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொன்னதை வேதவாக்காக நம்புகிறவள். இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

2024 மே மாதம் மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்கா போனேன். மாப்பிள்ளை கென்டக்கி மாநிலத்தில் மோர்ஹெட் என்ற சிறிய ஊரில் மருத்துவர். அவர்கள் குடியிருந்தது அங்கிருந்து அரை மணி நேரம் தள்ளி, எலியட் கவுண்டியில். கவுண்டி என்றால் நம் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மொத்த ஜனமே ஏழாயிரத்துச் சொச்சம்தான். மலை, ஓடை, புல்வெளி, இடையிடையே தேவாலயம். பேச ஆளில்லாமல் தவித்த எனக்கு வாய்த்தவர்கள் எதிர்வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னாலும் அதோடு சேர்த்தும் புகையிலை விவசாயம்.

ஒரு நாள் அவருடைய புகையிலைக் கொட்டகையைக் காட்டினார். கறுப்புச் சாயம் அடித்த, இரண்டு மாடி உயர மரக் கொட்டகை. உள்ளே ஒன்றும் இல்லை, பழைய டிராக்டர் ஒன்றும் இரண்டு பூனைகளும்தான். ஆனால் காலை உள்ளே வைத்ததும் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. இருபது வருடமாக அங்கே புகையிலை தொங்கவில்லையாம். உத்தரத்துக் கட்டைகளில் ஏறிய காரம் மட்டும் இறங்கவில்லை. கோபி பக்கம் எங்கள் அப்பாரு தோட்டத்தில் இலையைப் பாடம் போட்டுப் புரட்டும்போது வரும் அதே நெடி. இவர்கள் செடியையே அடியோடு வெட்டி, குச்சியில் குத்திக் கோத்து, தலைகீழாக அடுக்கடுக்காகத் தொங்கவிட்டுக் காற்றிலேயே காய வைப்பார்களாம். நான் தும்மத் தும்ம அவர் சிரித்தார். நானும் புகையிலைக்காரர் பேத்திதான் என்றதும் அன்றிலிருந்து எனக்குத் தனி மரியாதை.

இப்போது சந்தேகத்துக்கு வருகிறேன். அவர் தன் வாயாலேயே சொன்னார்: ‘நான் டெமாக்ரட். என் அப்பா டெமாக்ரட், அவர் அப்பாவும் டெமாக்ரட். கோர்ட்டுக் கட்டிடத்தில் போய்ப் பாருங்கள், பட்டியலில் அப்படித்தான் இருக்கும்.’ அரசாங்கத்து வாக்காளர் பட்டியலில் ஒருவருடைய கட்சி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரி, ஊருக்கு ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டேன். செப்டம்பரில் பார்த்தால் அவர் வீட்டு முன் புல்வெளியில் கம்பி நட்டு இரண்டு பலகைகள். ஒன்று டிரம்ப், டெமாக்ரட்டுகளுக்கு எதிரான குடியரசுக் கட்சி வேட்பாளர். இன்னொன்றில் ‘2-க்கு வேண்டாம் என்று ஓட்டுப் போடுங்கள்’ என்று மட்டும் இருந்தது.

‘அம்மா, இங்கே யாரிடமும் ஓட்டைப் பற்றிக் கேட்டு வைக்காதே’ என்று மகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் வாயைத் திறக்கவில்லை. நவம்பர் 5 அன்று அவர் மனைவியோடு வாக்குச்சாவடி வரை போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்பது தேர்தல் பார்த்தவளுக்கு அது எவ்வளவு கொடுமை தெரியுமா? அந்த அம்மாள் திரும்பி வந்தபோது விரலில் மை இல்லை. ஓட்டுப் போட்டேன் என்று ஒரு ஒட்டுவில்லை மட்டும் சட்டையில். ஐந்தாறு நாளில் நான் ஊருக்கு விமானம் ஏறிவிட்டேன்.

பிறவி டெமாக்ரட் டிரம்ப் பலகை நடுவது எப்படி? நட்டபின் பட்டியலை மாற்ற வேண்டாமா? அந்த ‘2’ என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூகுளில் பார்த்துக்கொள்ளச் சொல்லாதீர்கள், பார்த்தேன், தலை சுற்றியதுதான் மிச்சம்.

பதில் 1: காங்கேயம் கொப்பரைக்களம்

வணக்கம் டீச்சர். கென்டக்கியில் ஜார்ஜ்டவுன் என்ற ஊரில், கார்த் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் 11 வருடம் இருந்தேன். இப்போது ஊரோடு வந்து கொப்பரை உலர்த்துகிறேன். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் கிழக்கு மலைப்பக்கத்திலிருந்து வந்தவர்கள். உங்கள் பெரியவரைப் போல நான் இருபது பேரைப் பார்த்திருக்கிறேன். அவர் பொய்யும் சொல்லவில்லை, குழம்பவும் இல்லை.

முதலில் பட்டியல். கென்டக்கியில் வாக்காளராகப் பதியும்போது கட்சியையும் குறிக்கலாம். எதற்கு? நவம்பர் தேர்தலுக்கு அல்ல. நவம்பரில் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், அது உங்கள் அட்டை மறைப்பு மாதிரி ரகசியம்தான். மே மாதம் முதல்கட்டத் தேர்தல் என்று ஒன்று நடக்கும். கட்சி வேட்பாளர் யார் என்பதை அங்கே தலைமைக் கழகம் முடிவு செய்வதில்லை, ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அதில் டெமாக்ரட் ஓட்டுச் சீட்டைத் தொட வேண்டுமானால் டெமாக்ரட் என்று பதிந்திருக்க வேண்டும். கடைசி நேரத்தில் தாவ முடியாது; முந்தின டிசம்பர் 31-க்குள் மாற்றியிருக்க வேண்டும்.

சரி, அந்த மே மாதத்தில் என்ன பெரிய விசேஷம்? ஷெரீப்! ஊர்க் காவலுக்குத் தலைவர். அதோடு கவுண்டி நீதிபதி என்று பெயர் வைத்திருக்கிற நிர்வாகத் தலைவர், கவுண்டி எழுத்தர், மரண விசாரணை அதிகாரி, சிறை அதிகாரி எல்லோரையும் கட்சி அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆமாம், ஜெயிலர் பதவிக்கும் தேர்தல். நம் ஊரில் ஊராட்சித் தலைவர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று கொடுப்பார்கள், நாமும் பங்காளி, மாமன் மச்சான், தண்ணீர் விடுகிறவன் விடாதவன் என்று பார்த்துக் குத்துவோம். அங்கேயும் அதே கணக்குத்தான், ஆனால் கட்சிச் சட்டை போட்டுக்கொண்டு. எலியட் மாதிரி ஊரில் காலங்காலமாக ஏறத்தாழ எல்லா ஷெரீப் வேட்பாளரும் டெமாக்ரட்தான். குடியரசுக் கட்சியில் நிற்கவே ஆள் இருக்காது. மே மாதம் ஜெயித்தவன் நவம்பரில் சும்மா ஜெயிப்பான். அப்படியிருக்க ஒருவர் குடியரசுக் கட்சி என்று பதிந்தால் என்ன ஆகும்? ஊர் விவகாரத்தில் அவருக்கு ஓட்டே இல்லை என்று ஆகும். தன் ரோட்டுக்குச் சரளை போடுகிறவனைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அவர் டெமாக்ரட்டாகத்தான் இருந்தாக வேண்டும்.

எலியட் 1869-ல் உருவான கவுண்டி. அன்றிலிருந்து 2012 வரை நடந்த ஒவ்வொரு ஜனாதிபதி தேர்தலிலும் டெமாக்ரட்டுக்கே போட்டது. ஒருமுறை கூடத் தவறவில்லை. ஒபாமா 2012-ல் கென்டக்கியின் 120 கவுண்டிகளில் ஜெயித்தது நான்கில்தான். அதில் ஒன்று இந்த மலைக்காடு. அதே கிழக்கு கென்டக்கியில் ஜாக்சன் என்று இன்னொரு கவுண்டி இருக்கிறது. அங்கேயும் அதே வெள்ளை ஏழை விவசாயிகள், அதே தேவாலயம், அதே புகையிலை. அது உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து ஜனாதிபதி தேர்தலில் டெமாக்ரட்டுக்குப் போட்டதே இல்லை. அந்தப் போர் தொடங்கிய 1861-ல் எந்த ஊர் எந்தப் பக்கம் சாய்ந்ததோ, அந்தச் சாய்வு பேரன் காலம் வரை நிமிரவில்லை. இதைக் கொள்கை என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. குலதெய்வம் மாதிரி என்றால் நமக்குப் புரியும்.

அதன்மேல் புகையிலை சேர்ந்தது. டெமாக்ரட் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில், 1938 சட்டப்படி, யார் எவ்வளவு புகையிலை விற்கலாம் என்று கோட்டா வைத்து, விலைக்கும் அரசாங்கமே அடித்தளம் போட்டது. கோட்டா நிலத்தோடு ஒட்டியது. பத்து ஏக்கர் மலைச்சரிவு வைத்திருந்தவன்கூட அதை நம்பிப் பிள்ளையைப் படிக்க வைத்தான். 2004-ல் அதைக் கலைத்தார்கள். கோட்டா வைத்திருந்தவருக்கு பவுண்டுக்கு 7 டாலர், பயிர் செய்தவருக்கு 3 டாலர், பத்து வருடத் தவணையில். உங்கள் பெரியவரின் கொட்டகை காலியானது ஏன் என்று இப்போது தெரிகிறதா? தவணை 2014-ல் முடிந்தது. 2016-ல் எலியட் டிரம்புக்கு ஏறத்தாழ 70 சதவீதம் கொடுத்தது. நான் ஒன்றால்தான் மற்றொன்று என்று சொல்லவில்லை. கருக்கலைப்பு, துப்பாக்கி, நிலக்கரி, தேவாலயம் என்று என் சகாக்கள் சொன்ன காரணங்கள் ஏராளம். ஆனால் அந்தக் கட்சியோடு கட்டியிருந்த கடைசிக் கயிறு அது.

ஓட்டு மாறினாலும் பதிவு மாறவில்லை. கென்டக்கி மாநிலம் முழுக்கவே கதை இதுதான். ஜனாதிபதி தேர்தலில் 2000 முதல் குடியரசுக் கட்சிக்கே போடுகிறார்கள். ஆனால் பட்டியலில் குடியரசுக் கட்சியினர் எண்ணிக்கை டெமாக்ரட்டுகளைத் தாண்டியது 2022 ஜூலையில்தான். ஓட்டு போய் 22 வருடம் கழித்துத்தான் பெயர் போயிருக்கிறது!

என் அப்பாருவை நினைத்துக்கொள்கிறேன். இரட்டைக் காளைச் சின்னத்துக்குப் போட்ட மனுஷன். 1969-ல் காங்கிரஸ் உடைந்து அந்தச் சின்னமே இல்லாமல் போனது. அதன்பிறகு இலைக்கும் போட்டார், ஒருமுறை சூரியனுக்கும் போட்டார் என்று அமுச்சி சொல்வார். ஆனால் யாராவது கேட்டால் சாகும்வரை ‘நாம் மாட்டுக் கட்சி’ என்றுதான் சொன்னார். காங்கேயத்தில் வேறெப்படிச் சொல்வார்! நம் பட்டியலில் கட்சிக் கட்டம் இருந்திருந்தால் அதில் இன்றைக்கும் காளைதான் நின்றிருக்கும்.

அந்த ‘2’ உங்களுக்குப் பிடித்த விஷயம் டீச்சர். 2024 நவம்பர் ஓட்டுச் சீட்டிலேயே மாநில அரசியல் சட்டத் திருத்தம் இரண்டு இருந்தன. இரண்டாவது, அரசுப் பள்ளிக்கு வெளியே படிக்கும் பிள்ளைகளுக்கும் அரசுப் பணம் போகலாம் என்பது. குடியரசுக் கட்சித் தலைவர்கள்தான் கொண்டுவந்தார்கள். டிரம்ப் அன்றைக்கு 120-ல் 118 கவுண்டிகளை வென்றார். திருத்தம் 2 அத்தனை கவுண்டியிலும், 120-க்கு 120, தோற்றது. எலியட் மாதிரி ஊரில் தனியார் பள்ளி எங்கே இருக்கிறது? இருப்பது அரசுப் பள்ளி. ஊரில் சம்பளம் கொடுக்கும் பெரிய இடங்களில் அதுவும் ஒன்று. பேருந்து ஓட்டியவர் அதற்கு வேண்டாம் பலகை நடாமல் வேறு யார் நடுவார்? டெமாக்ரட் கவர்னர் ஆண்டி பெஷியரையும் இதே மாநிலம்தான் 2019, 2023 இரண்டு முறையும் தேர்ந்தெடுத்தது.

இன்னொன்று, சம்பந்தமில்லாதது: தேர்தல் நாளில் ஓட்டு முடியும்வரை மது விற்கக் கூடாது என்று அங்கேயும் 2013 வரை சட்டம் இருந்தது. நம் டாஸ்மாக் விடுமுறையை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

பதில் 2: மொடக்குறிச்சி மஞ்சள்

காங்கேயத்தார் நன்றாகச் சொன்னார். ஆனால் அந்தக் கோட்டாக் கயிறு விஷயத்தில் எனக்குச் சந்தேகம். விவசாயி நன்றிக்கு ஓட்டுப் போடுவான் என்பதை ஈரோட்டு மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு நான் நம்பமாட்டேன்.

1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அதற்கப்புறம் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்தில் கட்டை வண்டியைக் கொண்டுபோய்க் கோவையை முடக்கியது எல்லாம் தெரிந்ததே. 1989-ல் வந்த திமுக ஆட்சி எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் கொடுத்தது. அடுத்த தேர்தல் 1991. மாநிலம் முழுவதும் திமுக ஜெயித்தது 2 தொகுதி. இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே இலைக்குக் குத்தினோம்.

1996-ஐயும் சொல்லிவிடுகிறேன். விவசாயிகள் கோரிக்கையை யாரும் கேட்கவில்லை என்று எங்கள் தொகுதியில் ஆளாளுக்கு வேட்புமனு போட்டார்கள். 1,033 வேட்பாளர்கள். ஓட்டுச் சீட்டு புத்தகமாக வந்தது, தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். அதில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட இல்லை. தன் பெயருக்குத் தானே போடாதவர்களும் அதில் இருந்தார்கள்! எங்கள் பெரியப்பாவும் மனு போட்டவர். மேடையில் விவசாயிகள் சங்கம், சாவடியில் வழக்கமான சின்னம். ஏன் என்று கேட்டதற்கு ‘மனு கோரிக்கைக்கு, ஓட்டு ஆட்சிக்கு’ என்றார். அப்புறம் சட்டமன்ற டெபாசிட்டை 250-லிருந்து 5,000 ரூபாய் ஆக்கினார்கள், மனு போடும் ஆசை எல்லோருக்கும் தீர்ந்தது.

உங்கள் அமெரிக்கப் பெரியவரும் எங்கள் பெரியப்பா மாதிரிதான். பட்டியல் வேறு வேலைக்கு, ஓட்டு வேறு வேலைக்கு.

பதில் 3: சூலூர் தறிக்காரன்

எல்லாம் சரி. கறுப்பர், வெள்ளையர் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லையே? கொங்கு நாட்டில் சாதியைச் சொல்லாமல் தேர்தல் கணக்குப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது இந்தப் பதில்கள். அந்த ஊர் டெமாக்ரட்டானதே அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்கின் பக்கம் சாய்ந்ததால்தானே? பிறகு அந்தக் கட்சி ஒரு கறுப்பரை ஜனாதிபதியாக நிறுத்தியதும் ஓடிவிட்டார்கள். இவ்வளவுதான் கதை.

பதில் 4: காங்கேயம் கொப்பரைக்களம்

சூலூராருக்கு: விட்டது என் தவறுதான். எலியட்டில் 95 சதவீதம் பேர் வெள்ளையர். ஆனால் ‘ஓடிவிட்டார்கள்’ என்பது எண்ணிக்கைக்குப் பொருந்தவில்லை. 2004-ல் டெமாக்ரட் வேட்பாளர் ஜான் கெர்ரிக்கு ஏறத்தாழ 70 சதவீதம். 2008-ல் ஒபாமாவுக்கு 61. 2012-ல் அவருக்கே 49, அதுவும் ஜெயித்த 49. 2016-ல் ஹிலாரிக்கு 26. நாட்டளவில் தோற்ற கெர்ரியைவிட, நாட்டளவில் ஜெயித்த ஒபாமா அங்கே குறைவாக வாங்கினார் என்பது உங்கள் பக்கத்துச் சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரிய வீழ்ச்சி ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி நின்றபோது. நிலக்கரிச் சுரங்கங்களை மூடுவது பற்றி அவர் பேசிய ஒரு வாக்கியத்தை எங்கள் கம்பெனிச் சாப்பாட்டு அறையில் ஒரு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நிறமும் உண்டு, நிறம் மட்டும் இல்லை.

மொடக்குறிச்சியாருக்கு: 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அலையை விட்டுவிட்டீர்களே! அந்தத் தேர்தலை வைத்து நன்றியை அளக்க முடியாது. இருந்தாலும் உங்கள் பெரியப்பா வாக்கியத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவர்: கவுந்தப்பாடி டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ‘2’ பள்ளிக்கூட விஷயம் என்று தெரிந்திருந்தால் அந்தப் பலகைக்கு அங்கேயே ஒரு கும்பிடு போட்டிருப்பேன். காங்கேயத்துத் தம்பி, பாடம் எடுக்கிற கை உங்களுக்கு.

மகள் என்ன சொன்னால் என்ன என்று, நேற்று இரவு வீடியோ அழைப்பில் பேத்தியைப் பார்த்த கையோடு எதிர்வீட்டுப் பெரியவரையும் கூப்பிடச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கேட்டதே அவருக்குப் பெருமையாக இருந்தது போல. கொட்டகை வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

2026 மே மாதம் ஷெரீப் தேர்வு வருகிறதாம். அவர் மகன் போன வருடமே குடியரசுக் கட்சிக்குப் பதிவை மாற்றிக்கொண்டானாம். இந்த முறை நிற்கப் போகிற இரண்டு பேரில் ஒருவன் இவரிடம் பள்ளிப் பேருந்தில் வந்த பையன்; அவன் குடியரசுக் கட்சியில் நிற்கப் போகிறான் என்று பேச்சாம். அப்படியானால் அவனுக்குப் போட இவரும் டிசம்பர் 31-க்குள் மாற்றியாக வேண்டும். ‘மாற்றுவீர்களா?’ என்று கேட்டேன். ‘அந்தப் பையன் பேருந்தில் பின் சீட்டில் உட்கார்ந்து என்னென்ன செய்தான் என்று எனக்குத்தான் தெரியும்’ என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவருடைய அப்பாவின் பதிவுச் சீட்டு இன்னும் பைபிளுக்குள் இருக்கிறது என்று பின்னாலிருந்து அவர் மனைவி எடுத்துச் சொன்னார்.

‘இன்னும் நாள் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குப் புல் போட வேண்டும் என்று போனை மகள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.